கை கழுவினீர்களா என்று மிஸ்ஸியிடம் கேட்கலாமா?

உப்புவெளி மகள் | வெள்ளி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே திருகோணமலைக்காரர் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தாதிய வேலை செய்யும் மிஸ்ஸிமாரும் இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. நீண்ட காலமாகச் சீனி வருத்தம். வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்து ஆழமாகி, போன மாதம் ஒரு வைத்தியசாலையில் 9 நாள் வைத்திருந்தார்கள். எந்த வைத்தியசாலை என்பது இங்கே தேவையில்லை. நன்றாகத்தான் பார்த்தார்கள். அம்மாவின் விரல் தப்பியது அவர்களால்தான்.

4ஆம் நாள் காலை அம்மாவின் சேலைன் முடிந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் ஆச்சிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த மிஸ்ஸியை நான்தான் கூப்பிட்டேன். உடனே ஓடி வந்தார். கையில் அதே கையுறை, விரல் நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்தக் கையாலேயே அம்மாவின் புறங்கையில் சேலைன் ஏற்றப் போட்டிருந்த கனூலாக் குழாயைப் பிடித்து, புதுச் சேலைனைக் கொழுவிவிட்டுப் போனார். கேள்வி என் வாய் வரை வந்தது. கூப்பிட்டவுடன் ஓடி வந்த பிள்ளையிடம் குறை சொல்வதா என்று பேசாமல் நின்றுவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் அந்த இடம் சிவந்து வீங்கிவிட்டது. கழற்றி மற்றக் கையில் போட்டார்கள். அந்தக் கையுறையால்தான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாயைத் திறக்காமல் நின்றது இன்னும் உறுத்துகிறது.

நாங்கள் அப்படிக் கேட்கலாமா? கேட்டால் அம்மாவைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. எப்படிக் கேட்பது?

பழைய மிஸ்ஸி | வெள்ளி, இரவு 9.55

மகள், ஓம், கேட்கலாம். 27 வருடம் வார்ட்டுகளில் நின்று ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், கட்டாயம் கேட்கலாம்.

முதலில் உங்கள் மனதில் இருப்பதைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கனூலா போட்ட இடம் சிவப்பதற்குக் கிருமி மட்டும் காரணம் இல்லை. சில மருந்துகள் நாளத்தை எரிச்சல்படுத்தும். குழாய் சரியாக ஒட்டப்படாமல் உள்ளே அசைந்தாலும் சிவக்கும். வயதானவர்களின் நாளம் மெல்லியது. ஆகவே இதுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கண்டது பிழைதான், அதில் சந்தேகம் இல்லை.

கையுறையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் எங்களிடமும் உண்டு, சனத்திடமும் உண்டு. கையுறை போட்டால் கை சுத்தம் என்று நினைக்கிறோம். கையுறை அதைப் போட்டிருப்பவரைக் காப்பாற்றும். அடுத்த கட்டிலில் இருப்பவரைக் காப்பாற்றுவது, அதைக் கழற்றிக் கையைத் தேய்த்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுவதுதான். வெறுங்கையில் ஈரமாக ஏதாவது பட்டால் நமக்கே அருவருப்பு வந்து கழுவிவிடுவோம். கையுறைக்குள் அந்த உணர்வு வராது. அதுதான் ஆபத்து.

கையைச் சுத்தம் செய்ய எங்களுக்குச் சொல்லித் தருவது ஐந்து தருணங்கள். அதை உங்கள் அம்மாவின் கட்டிலில் வைத்தே பாருங்கள். அம்மாவைத் தொட முன்னம் ஒரு முறை. கனூலா, கட்டு, சலக்குழாய் போன்ற சுத்தமாகச் செய்ய வேண்டிய எதையும் தொடங்க முன்னம் ஒரு முறை. இரத்தம், சீழ், சலம் என்று உடம்பின் கழிவு பட்டிருக்கக்கூடிய வேலை முடிந்த கையோடு ஒரு முறை. அம்மாவை விட்டு விலகும்போது ஒரு முறை. ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறப்போம்: அம்மாவைத் தொடாமல் கட்டில் கம்பியையோ சின்ன அலுமாரியையோ தலையணையையோ தொட்டிருந்தாலும் ஒரு முறை. கையில் தேய்க்கும் அல்ககோல் திரவமான ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 செக்கன், சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 செக்கன். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தாலும், வயிற்றோட்டக்காரரைப் பார்த்திருந்தாலும் சவர்க்காரம்தான் வேண்டும். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சில கிருமிகளை அல்ககோல் சரியாகக் கொல்லாது.

இப்போது கேட்கும் முறை. "மிஸ், அம்மாவுக்குச் சீனி, காயம் எண்டால் எனக்குச் சரியான பயம். புதுக் கையுறை போட்டிட்டுத் தொடுறீங்களா?" இப்படிக் கேளுங்கள். உங்கள் பயத்தை முன்னால் வையுங்கள், அவரின் பிழையை அல்ல. என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு கணம் முகம் சுடும், அது உண்மை. பிறகு கை தானாக ஹேண்ட் ரப் போத்தலுக்குப் போகும்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். ஒருவர் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் இருந்து கூப்பிடாதீர்கள். அந்தக் கட்டை முடித்து, கையுறையைக் கழற்றி, கையைத் தேய்த்துவிட்டு வரும் நேரத்துக்குள் முடிந்த சேலைனால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது. "கட்டு முடிஞ்சதும் இங்க ஒருக்கா வாங்க மிஸ்" என்றால் போதும்.

தம்பலகாமம் வாத்தியார் | சனி, காலை 6.20

பழைய மிஸ்ஸிக்கு என் மரியாதை. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

தம்பியைப் பார்க்க ஒரு மாதம் வார்ட்டில் நின்றவன் நான். இரவில் இரண்டு பேர் முழு விடுதியையும் ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். கை கழுவும் இடத்தில் ஒரு குழாய் வேலை செய்யவில்லை. சவர்க்காரம் பாதி நாள் இல்லை. இந்த நிலையில் ஒவ்வொரு நோயாளியின் சொந்தக்காரரும் "கை கழுவினீங்களா, கையுறை மாத்தினீங்களா" என்று நின்றால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முதலில் ஆளைக் கூட்டச் சொல்லிக் கேட்போம், குழாயைத் திருத்தச் சொல்லிக் கேட்போம். களைத்துப்போய் நிற்கும் ஒருவரைச் சனம் மேற்பார்வை பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலாவெளி மாணவி | சனி, காலை 10.05

நான் மூன்று வருடத் தாதியர் டிப்ளோமாவில் இரண்டாம் வருடம். லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

சேர் சொல்வது சரி. ஆனால் எங்களுக்குப் படிப்பிக்கும்போது முதலில் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் என்ற டொக்டர். பிரசவ விடுதிகள் இரண்டு. மருத்துவ மாணவர்கள் பார்க்கும் விடுதியில் தாய்மார் காய்ச்சலில் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். மருத்துவிச்சிகள் பார்க்கும் விடுதியில் அவ்வளவு இல்லை. டொக்டர்மாரும் மாணவர்களும் பிணம் அறுக்கும் அறையில் இருந்து நேரே பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதை அவர் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார். ஏப்ரலில் 100க்கு 18 பேர் இறந்த விடுதியில் ஜூனில் 100க்கு 2 பேர் அளவுக்கு வந்துவிட்டது. அப்போது கிருமி என்பதையே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்கள் கைதான் கொல்கிறது" என்பதைப் பெரிய டொக்டர்மார் பலரால் தாங்க முடியவில்லை. அவரும் பொறுமையாகச் சொல்லவில்லை, கொலைகாரர் என்றே எழுதினார். 1865இல் மனநோய் விடுதியில் இறந்தார்.

இந்தக் கதையைக் கேட்டதில் இருந்து எனக்கு ஒரு கேள்வி. பெரிய டொக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். 6ஆம் கட்டில் காயத்தைப் பார்த்துவிட்டு 7ஆம் கட்டிலுக்குக் கையை நீட்டுகிறார். பின்னால் மாணவி நான் நிற்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பழைய மிஸ்ஸி | சனி, மத்தியானம் 1.30

தங்கச்சி, உன் கேள்விக்கு விடை சின்னது. ரவுண்ட்ஸில் ஹேண்ட் ரப் போத்தலை நீ பிடி. 6ஆம் கட்டில் முடிந்ததும் ஒன்றும் பேசாமல் போத்தலை அவர் கைக்கு நேரே நீட்டு. 27 வருடத்தில் அதைத் தட்டிவிட்ட ஒரு டொக்டரையும் நான் காணவில்லை. எல்லோரும் கையை விரிப்பார்கள்.

வாத்தியாருக்கு. ஆள் போதாது என்பதை நான் மறுக்கவே மாட்டேன், அதற்காக நாங்கள் வீதியில் நின்றும் இருக்கிறோம். ஆனால் களைத்த ஆள்தான் பிழை விடுவார். அவருக்கு அப்போதுதான் இன்னொருவரின் கண் தேவை. அதை மேற்பார்வை என்று நினைக்காதீர்கள். என் கதையைச் சொல்கிறேன்.

வேலைக்கு வந்து நாலாவது வருடம். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். இரவுக் கடமை, காலை 6 மணிக்கு மருந்து. 14ஆம் கட்டிலில் ஒரு ஆச்சிக்குப் பிரஷர் குளிசை. இரவு 2 மணிக்கு மழை உள்ளே அடித்தது என்று ஜன்னலோரம் இருந்த ஆச்சியை 14க்கும், 14இல் இருந்தவரை வேறு கட்டிலுக்கும் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே 14இல் இப்போது வேறொரு ஆச்சி. இரண்டு பேருக்கும் பேர் ஒன்று போல, பொன்னம்மா, பொன்மணி என்ற மாதிரி. நான் ட்ரொலியோடு போய் "பொன்னம்மாதானே?" என்று கேட்டேன். நித்திரைத் தூக்கத்தில் ஆச்சி தலையை ஆட்டினார். குளிசையைக் கொடுத்து, தண்ணீரும் குடிக்க வைத்துவிட்டேன். கொடுத்த மருந்தை ஆச்சியின் டிக்கெட்டில் எழுதப் போகும்போதுதான் கை நின்றது.

அந்தப் பத்து நிமிடம் இப்போதும் நினைவில் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் காலை 7 மணிக்கு வருவார். ட்ரொலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கூட இருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆச்சி இப்ப எப்படி இருக்கிறா?" அவ்வளவுதான். டொக்டரைக் கூப்பிட்டோம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை பிரஷர் பார்த்தோம். காலை இறக்கி நடக்க விடவில்லை, விழுந்துவிடுவார் என்று கட்டிலின் கம்பியை உயர்த்தி வைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் ஆச்சி என்னைக் கூப்பிட்டு வெற்றிலை கேட்டார்.

அந்த அக்கா அன்று என்னைத் திட்டியிருந்தால் அடுத்த பிழையை நான் ஒளித்திருப்பேன். இது எனக்கு நிச்சயம்.

அன்றிலிருந்து ஒரு நாளும் "நீங்கள் பொன்னம்மாவா?" என்று கேட்டதில்லை. "உங்கட முழுப் பேர் என்ன?" என்றுதான் கேட்பேன். எங்கள் ஊரில் தலையாட்டுவதற்கு ஓம் என்றும் பொருள், சரி பிள்ளை நீ சொல்கிறாய் என்றும் பொருள். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் மனப்பாடமாகச் சொல்வோம். முதலாவது பிழையானால் மற்ற நாலும் சரியாக இருந்து பயன் இல்லை. கட்டில் எண் ஆளின் பேர் இல்லை. மகள், அம்மாவுக்கு மருந்து வரும்போது நீங்களும் "இது என்ன மருந்து மிஸ்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் எங்கள் கை ஒரு கணம் நிற்கும். அது போதும்.

கிண்ணியா நானா | சனி, இரவு 9.10

அஸ்ஸலாமு அலைக்கும். நான் வைத்தியத் துறை இல்லை, மீன் வியாபாரம். ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2017 டெங்கை எங்கள் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த வருடம் நாடு முழுக்க 1,86,000க்கு மேல் டெங்கு என்றார்கள், 400 பேருக்கு மேல் மௌத்து. கிண்ணியாவில் வருடத் தொடக்கத்திலேயே வீட்டுக்கு வீடு காய்ச்சல். என் மகனுக்கு அப்போது 7 வயது. காய்ச்சல் நாலாம் நாள் விட்டுவிட்டது. சுகமாகிவிட்டான் என்று நாங்கள் சந்தோசப்பட்டோம். மிஸ் சொன்னார், "நானா, காய்ச்சல் விடுற நேரம்தான் நாங்கள் கவனிக்க வேண்டிய நேரம். இனி ஒரு நாள், ரெண்டு நாள் ஒவ்வொரு மணித்தியாலமும் பார்க்கணும்." இரத்த நாளத்துக்குள் இருக்கிற தண்ணீர் வெளியே கசியும் நேரமாம். தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நெஞ்சுக்குள் சேர்ந்து மூச்சு முட்டும். அதனால் குடிக்கிறதும் போகிறதும் அளந்து எழுத வேண்டும் என்று ஒரு தாள் தந்தார்.

நாங்கள் எழுதினோம். ஆனால் உம்மா இரவு பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அப்புறம் பள்ளியில் ஓதிய தண்ணீரும் கொடுத்தார். அது மருந்தா தண்ணீரா என்று நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. உண்மையில் பயத்தில் மறைத்தோம்.

மிஸ் தாளைப் பார்த்தார், மகனின் சலத்தின் அளவைப் பார்த்தார். கணக்கு ஒத்துவரவில்லை. சத்தம் போடவில்லை. உம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உம்மா, பேரனுக்கு நல்லது நினைச்சுத்தான் குடுத்திருப்பீங்க. என்ன குடுத்தீங்க, எந்தக் கோப்பையில?" உம்மா கோப்பையை எடுத்துக் கொடுத்தார். மிஸ் அதில் தண்ணீர் ஊற்றி, ஊசிச் சிரிஞ்சால் உறிஞ்சி உறிஞ்சி அளந்தார். 110 மில்லிலீட்டர். "மூணு தரமா? அப்ப 330" என்று தாளில் எழுதிவிட்டு டொக்டரைக் கூப்பிட்டு சேலைனைக் குறைத்தார்கள். பிறகு உம்மாவிடம், "இனி இலைச் சாறு வேண்டாம். ஓதின தண்ணி ஒரு மிடறு குடுங்க, குடுத்தா எனக்குச் சொல்லுங்க. அதையும் எழுதுவம்" என்றார்.

அன்று அந்தப் பிள்ளை உம்மாவை ஏசியிருந்தால் உம்மா அடுத்த கோப்பையைச் சீலைக்குள் மறைத்துக் கொடுத்திருப்பார். எனக்கு என் உம்மாவைத் தெரியும். மகன் இப்போது பெரிய வகுப்பு படிக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

நிலாவெளி மாணவி | சனி, இரவு 9.32

நானா, இதை என் கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன். உள்ளே போனதும் வெளியே வந்ததும் என்று படிக்கும்போது வெறும் கூட்டல் கழித்தல் மாதிரித்தான் இருந்தது.

தம்பலகாமம் வாத்தியார் | சனி, இரவு 10.15

பொன்னம்மா ஆச்சியின் கதையை இரண்டு தரம் வாசித்தேன். மேற்பார்வை என்று நான் எழுதிய சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். குழாய் விசயத்தை விடமாட்டேன். தண்ணீர் வராத குழாய்க்குக் கீழே நின்று கை கழுவச் சொல்ல முடியாது. கட்டிலுக்குக் கட்டில் ஹேண்ட் ரப் போத்தல் கொழுவுவதற்கு ஊர்ச் சங்கங்களால் உதவ முடியுமா என்று யோசிக்கிறேன்.

மூதூர் தம்பி | ஞாயிறு, காலை 7.45

நான் வைத்தியசாலைச் சிற்றூழியன். எங்களைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

விடுதியில் குப்பைப் பை கட்டுவது எங்கள் வேலை. தொற்றுக் கழிவு மஞ்சள் பை. ஊசி அதற்கென்று இருக்கிற கட்டிப் பெட்டிக்குள் போக வேண்டும், முக்கால்வாசி நிரம்பியதும் மூடிவிட வேண்டும். சில நேரம் அவசரத்தில் ஊசியைப் பஞ்சோடு சேர்த்துச் சாதாரணப் பைக்குள் போட்டுவிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு இடத்தில் அப்படி ஒரு பையைத் தூக்கும்போது என் தொடையில் குத்தியது. சின்னக் குத்து, எறும்பு கடித்த மாதிரி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிதுக்கி இரத்தம் எடுத்தேன். டெட்டோல் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் கவனமாக இருக்கவில்லை என்று என்னைத்தான் கேட்பார்கள் என்று பயம். இரண்டு நாள் நித்திரை இல்லை. வீட்டில் மனைவி பிள்ளைகளோடு ஒரு கோப்பையில் தேத்தண்ணி குடிக்கவும் பயம். மூன்றாம் நாள் காலை தொற்றுக் கட்டுப்பாட்டு மிஸ்ஸிடம் போய் அழுதுவிட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எல்லாச் சிற்றூழியரும் வாசிக்க வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அந்த நிமிடமே பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினாலும் 1000 பேரில் 3 பேருக்குத்தான் தொற்றும் என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. ஹெப்படைட்டிஸ் பி தான் அதைவிடக் கெட்டது, தடுப்பூசி போடாதவருக்கு 100க்கு 30 வரை போகலாம். நான் தடுப்பூசி மூன்றும் போட்டிருந்தேன். இரத்தம் எடுத்தார்கள், பிறகும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

மிஸ்ஸிமாரிடம் ஒரு வேண்டுகோள். ஊசியைத் திரும்ப மூட வேண்டாம், மூடும்போதுதான் உங்கள் விரலிலும் குத்தும். பாவித்த கையோடு பெட்டிக்குள் போடுங்கள். பெட்டி தூரத்தில் இருந்தால் எங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஓடி வருவோம்.

பழைய மிஸ்ஸி | ஞாயிறு, காலை 8.30

தம்பி, எங்கள் பக்கத்துக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஊசியைப் பாவித்தவர்தான் அதைப் பெட்டியில் போட வேண்டும். இன்னொருவர் கைக்கு அது போகவே கூடாது.

இரவுக் கடமை | ஞாயிறு, மாலை 4.20

நான் டொக்டர், வேலைக்கு வந்து மூன்று வருடம். கை கழுவுவதில் இருந்து கதை வளர்ந்து வந்திருப்பதால் தொலைபேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரவு 2 மணி. விடுதியில் இருந்து அழைப்பு. "டொக்டர், 9ஆம் கட்டில் அம்மா சரியில்லை போல இருக்கு, ஒருக்கா வாறீங்களா?" நான் அப்போது வேறொரு விடுதியில் மூச்சுத் திணறும் ஒருவரோடு நிற்கிறேன். "சரி, வாறேன்" என்று சொல்லி 40 நிமிடம் கழித்துப் போனேன். போனால் அந்த அம்மா உண்மையிலேயே மோசம். அழைத்த மிஸ்ஸிக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்ததை என்னிடம் சொல்லத் தயக்கம், ஏனென்றால் முடிவு சொல்வது டொக்டரின் வேலை என்று பழக்கியிருக்கிறோம்.

அதே மிஸ்ஸி பிறகு ஒரு நாள் இப்படிச் சொன்னார்: "டொக்டர், 9ஆம் கட்டில், பிரஷர் 80க்கு 50, நாடி 124. நேற்று வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர், 4 மணித்தியாலமாகச் சலம் போகவில்லை. உள்ளே இரத்தம் போகிறது என்று நினைக்கிறேன். இப்பவே வாங்கோ, வரும்வரை சேலைனைக் கூட்டவா?" என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். இந்த நாலும்தான். அமெரிக்கக் கடற்படையில் தொடங்கி வைத்தியசாலைகளுக்கு வந்த முறை. நான் ஓடிப் போனேன். 30 செக்கனும் ஆகவில்லை அவர் பேசி முடிக்க.

மற்றது, தொலைபேசியில் நான் மருந்து சொன்னால் அதைத் திருப்பிச் சொல்லுங்கள். ஃபிஃப்டீன் என்பதும் ஃபிஃப்டி என்பதும் இரைச்சலில் ஒன்று. "ஒன்று ஐந்து, பதினைந்தா டொக்டர்?" என்று கேளுங்கள். இன்சுலின் என்றால் இன்னும் கவனம். அலகு என்பதற்கு ஆங்கில யூ எழுத்தைச் சுருக்கிப் போட்டால் அது சைபர் மாதிரித் தெரியும், 10 அலகு 100 ஆகிவிடும். அலகு என்று முழுதாக எழுதுங்கள். திருப்பிக் கேட்டதற்காக ஏசும் டொக்டர்மார் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் ஏசட்டும், நீங்கள் கேளுங்கள்.

கந்தளாய் அக்கா | ஞாயிறு, இரவு 7.50

எங்கள் மாவட்டத்தில் இன்னொன்று இருக்கிறதே. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சனமும் ஒரே விடுதியில் படுக்கிறோம். தமிழ் மட்டும் தெரிந்த ஆச்சிக்குச் சிங்களம் மட்டும் தெரிந்த மிஸ்ஸி. மிஸ்ஸி அன்பானவர், ஆச்சியும் அன்பானவர், இருவரும் சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் விளங்காமல் இருப்பார்கள்.

என் மாமியைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது பக்கத்துக் கட்டில் பெண்ணின் 10 வயது மகள்தான் மொழிபெயர்த்தாள். "இந்தக் குளிசை காலையிலயும் இரவிலயும், சாப்பாட்டுக்குப் பிறகு" என்று மிஸ்ஸி சொன்னதைப் பிள்ளை "காலையில சாப்பிட்டு, இரவில குளிசை" என்று சொல்லிவிட்டது. பாவம், குழந்தை. மாமி ஒரு கிழமை ஒரு வேளைதான் போட்டிருக்கிறார். அடுத்த கிளினிக்கில் இன்னொரு மிஸ்ஸி குளிசை உறைகளை மேசையில் பரப்பி, "எனக்குக் காட்டுங்க, எப்பிடிப் போடுவீங்க?" என்று கொச்சைத் தமிழில் கேட்டார். மாமி செய்து காட்டியபோதுதான் பிழை தெரிந்தது. உறையில் பேனையால் ஒரு சூரியன், ஒரு பிறை கீறிக் கொடுத்தார். விளங்கிச்சா என்று கேட்டால் எல்லோரும் விளங்கிச்சு என்றுதான் சொல்வார்கள்.

உப்புவெளி மகள் | செவ்வாய், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. இன்று காயத்துக்குக் கட்டு மாற்ற அம்மாவைக் கூட்டிப் போனேன். வரிசையில் நிற்கும்போதே நெஞ்சு அடித்தது. மிஸ்ஸி முன்னால் இருந்தவரை முடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கையுறை மாற்றினாரா என்று நான் காணவில்லை. பழைய மிஸ்ஸி எழுதித் தந்ததையே சொன்னேன், குரல் நடுங்கிவிட்டது. அவர், "மாத்திட்டன் அக்கா, பரவாயில்லை, உங்களுக்கு முன்னால இன்னொருக்கா மாத்துறன்" என்று கழற்றி, கையைத் தேய்த்து, புதிதாகப் போட்டார். அம்மாவின் காலைத் தன் மடிக்குப் பக்கத்தில் வைத்து, காயம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று எனக்குக் காட்டினார். விளிம்பில் புதுத் தோல் வெள்ளையாக வந்திருக்கிறது.

நாளை விட்டு மறுநாள் வீட்டிலேயே கட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார். என்ன கவனிக்க வேண்டும்? அம்மா காளி கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறார். சித்தி திருநீறு கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

பழைய மிஸ்ஸி | செவ்வாய், இரவு 9.05

திருநீற்றை நெற்றியில் தாராளமாகப் பூசுங்கள், காயத்தின் பக்கமே வேண்டாம். கோயிலுக்குக் காயம் மூடிய பிறகு போகலாம், அதுவும் வெயில் ஏற முன்னம். சீனிக்காரர் பலருக்குப் பாதத்தில் சூடு தெரியாது, மத்தியானக் கல்லில் வெறுங்காலோடு நின்று கொப்புளம் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போய்ச் சுடுதண்ணி ஊற்றும் யோசனையும் இப்போது வேண்டாம்.

கட்டு மாற்றும்போது மின்விசிறியை நிற்பாட்டுங்கள். முதலில் கை கழுவுங்கள், பழைய கட்டைக் கழற்றி ஒரு பையில் போட்டு முடியுங்கள், திரும்பவும் கை கழுவுங்கள். இந்த இரண்டாவது கழுவலைத்தான் வீட்டில் விட்டுவிடுவார்கள். பிறகுதான் புதுத் துணியின் உறையைப் பிரிக்க வேண்டும். தந்த சேலைனால் மட்டும் கழுவுங்கள். மணம், புதிதாகச் சிவப்பு, காய்ச்சல், சீனி திடீரென்று ஏறுவது, இதில் ஒன்று வந்தாலும் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் கொண்டுபோங்கள்.

மூதூர் தம்பி | செவ்வாய், இரவு 9.40

அக்கா, அம்மா வீட்டில் இன்சுலின் போடுகிறாரா? ஊசியை என்ன செய்கிறீர்கள்?

உப்புவெளி மகள் | செவ்வாய், இரவு 9.52

தம்பி, இதுவரை கடதாசியில் சுற்றிக் குப்பையோடுதான் போட்டேன். உங்கள் கதையை வாசித்த பிறகு அப்படிப் போட முடியவில்லை.

மூதூர் தம்பி | செவ்வாய், இரவு 10.01

கட்டியான பிளாஸ்டிக் போத்தல், திருகு மூடி உள்ளது. உடுப்புத் தோய்க்கிற திரவம் வருகிற மாதிரி. ஊசி என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் மூடி, கிளினிக்குக்கு வரும்போது எங்கே கொடுப்பது என்று மிஸ்ஸிடம் கேளுங்கள்.

உப்புவெளி மகள் | புதன், காலை 6.35

போத்தல் கிடைத்தது, நீல நிறம். அம்மாவே தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். இன்று காலை முதல் ஊசி அதற்குள் போனது.